திக்தே நோட்டு

1964இல் எங்கள் புதுச்சேரி மருத்துவக் கல்லூரிக்கு வந்த ஜிப்மர் என்ற புதுப் பெயரை யாரோ எழுத்து எழுத்தாகச் சொல்ல, அப்பா குறித்துக்கொண்டார். ஜே வரவேண்டிய இடத்தில் ஜி இருந்தது, ஈ வரவேண்டிய இடத்தில் ஐ. ஆறெழுத்தில் இரண்டு போச்சு. அப்பாவின் காதில் கோளாறு இல்லை. பிரெஞ்சில் ஜி எழுத்தின் பெயர் ‘ழே’ மாதிரி ஒலிக்கும், ஜே எழுத்தின் பெயர் ‘ழி’ மாதிரி. இங்கிலீஷில் அப்படியே தலைகீழ். ‘ஈ’ என்று ஒலிப்பது பிரெஞ்சில் ஐ எழுத்து. பத்து வருஷம் பிரெஞ்சுப் பள்ளி பெஞ்சைத் தேய்த்தவர் கை வேறெதைப் போடும்?

கோரிமேட்டில் ஒரு மாடி அறையில் நர்ஸ் பெண்களுக்கு நான் இங்கிலீஷ் ‘லிசனிங்’ சொல்லிக்கொடுக்கிறேன். சின்னச் சின்னப் பேச்சுகளைக் கேட்க வேண்டும், கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். வெளிநாட்டு வேலைக்காக நேற்று முளைத்த வித்தை இது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இதற்கு அறுபது வயது.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. கோப்புகளின் மொழி அன்றைக்கே மாறிவிடவில்லை. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட 1956 ஒப்பந்தத்தின் 28வது பிரிவு சொன்னது. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. 1965இல் தமிழுக்குத் தனிச் சட்டம் வந்தது, கூடவே இங்கிலீஷும் தொடரலாம் என்று. சட்டங்கள் நிதானமாக வந்தன. டெல்லிக் கடிதாசியும் மெட்ராஸ் டெலிபோனும் காத்திருக்கவில்லை, இரண்டும் இங்கிலீஷ்.

அப்பாவைப் போலப் பிரெஞ்சு படித்த எழுத்தர்களுக்கு அதில் ஒரு விசித்திரமான கஷ்டம். கடிதாசியைப் படித்தால் பாதி புரிந்துவிடும், ஏனென்றால் பாதிச் சொற்கள் இரண்டு மொழிக்கும் பொது. அதையே வாயால் சொன்னால் ஒன்றும் புரியாது. தேசத்துக்கான ஒரே சொல், அப்பாவுக்கு அது ‘நசியோன்’, டெலிபோனில் வந்ததோ ‘நேஷன்’. கண்ணுக்குச் சொந்தக்காரன், காதுக்கு யாரோ.

கோரிமேடு இந்த மாற்றம் கண்ணெதிரே நடந்த இடம். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964 ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைக்க ஜிப்மர் ஆனது. திண்டிவனம் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள், பொதுமொழி இங்கிலீஷ். (வடக்கத்திப் பிள்ளைகள் ‘நெஞ்சைக் கரிக்குது’, ‘வயிறு பொருமுது’ என்பதையெல்லாம் காதால் கற்றுக்கொண்டு திண்டாடியது தனிக்கதை. அதற்கு ஒரு பரீட்சையும் யாரும் வைக்கவில்லை!)

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே கருவி திக்தே. நம் ஊர்ச் சொல்வதெழுதுதலின் பிரெஞ்சு அண்ணன். வாத்தியார் முதலில் முழுவதையும் ஒருமுறை வாசிப்பார், எழுதக்கூடாது. பிறகு துண்டு துண்டாக, கமா, முற்றுப்புள்ளியெல்லாம் சொல்லி வாசிப்பார். கடைசியில் இன்னொரு முறை. ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் கழியும். கண்டிப்பான வாத்தியாரிடம் சைபருக்குக் கீழே போனவர்களும் உண்டு என்று அப்பா பெருமையாகவே சொல்வார்.

ரேடியோ மூன்று முறை வாசிக்காது. இரவு ஒன்பது மணிக்கு ஆகாசவாணி இங்கிலீஷ் செய்தி. அப்பா கோடு போட்ட நோட்டும் பென்சிலுமாக உட்காருவார். “இன்னொரு தரம் சொல்லித் தொலையேன்யா” என்று அவர் பெட்டியிடம் கெஞ்சுவது கூடம் வரை கேட்கும். மறுநாள் ஹிண்டு வந்ததும் அதே செய்தியைத் தேடி, முந்தின இரவு எழுதியதைச் சிவப்பு மையில் திருத்துவார். அவரே மாணவர், அவரே வாத்தியார். 1967இல் புதுச்சேரிக்கே வானொலி நிலையம் வந்தது. அது இன்று இருப்பதும் கோரிமேட்டு இந்திரா நகரில்தான்.

சிற்றலையில் இன்னொரு ஆசான் கிடைத்தான். அமெரிக்காவின் குரல் 1959 அக்டோபர் 19 அன்று தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’. சுமார் 1,500 சொற்கள்தான், வழக்கமான பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு வேகம். விவசாயம், உடல்நலம், அறிவியல் என்று சிறு பேச்சுகள். அப்பாவுக்கு அது அமிர்தம். எனக்கு அன்றும் இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. அந்த வேகத்தில் உலகில் எந்த நர்ஸும் டியூட்டி மாற்றிக் கொடுப்பதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு முயற்சிகள் நடந்தன. மெட்ராஸ் மாநிலத்தில் ஆரம்ப வகுப்பு இங்கிலீஷ் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு திட்டம். ஒருவர் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகும் என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர். பனியைப் பார்த்திராத ஊருக்கு இப்படி ஒரு பெயர். வாத்தியார் கதவைத் திறந்துகொண்டே ‘நான் கதவைத் திறக்கிறேன்’ என்று இங்கிலீஷில் சொல்வார், பிள்ளைகள் முதலில் கேட்டால் போதும். 1979இலிருந்து 1984வரை இங்கிலீஷ் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூர் திட்டம் இன்னும் ஒரு படி போனது. இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் அட்டவணையையும் வரைபடத்தையும் கையில் கொடுத்து, வாயால் கேள்வி கேட்டார்கள். சொல் தவறினால் பரவாயில்லை, ரயிலைத் தவறவிடக் கூடாது. அந்த வகுப்புகளில் ஒன்று இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், கடலூரில் நடந்தது. அப்பாவின் திக்தேக்கு நேர் எதிரான சங்கதி இது என்று எனக்கு உறைக்க ரொம்ப காலம் ஆயிற்று.

உறைத்தது ஐஈஎல்டிஎஸ் கேசட்டால். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் பரீட்சை அது, 1989இல் வந்தது. லிசனிங்கில் நான்கு பகுதி, 40 கேள்வி, முப்பது நிமிஷம், எல்லாம் ஒரே ஒரு முறைதான் ஓடும். முதலிரண்டு பகுதியும் அன்றாட விஷயம், வீடு வாடகைக்கு எடுப்பது, நூலகத்தில் சேருவது மாதிரி. முதல் தடவை நானே கேட்டுப் பார்த்தேன். அப்பா வளர்த்த காது ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் போனது. ஒரு சொல் நழுவியதும் அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் அடுத்த இரண்டு பதில்கள் கடந்துவிட்டன. திக்தே எதையும் விடாதே என்கிறது. இதில் விடத் தெரிந்தவள்தான் தேறுவாள்.

இன்னொரு தொல்லை, அந்தக் கேசட்டு உலகம். அதில் வரும் சீமை வீட்டு வகைகளும் விடுமுறைக் குடில்களும் வில்லியனூரிலிருந்து வரும் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரிந்தாலும் புரியாது. அதனால் நானே பேசிப் பதிவுசெய்ய ஆரம்பித்தேன், ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம். ஜிப்மர் ஓபி சீட்டு வாங்கும் வரிசை, ரேஷன் கடையில் கைரேகை விழாமல் போனது, மழைநாளில் ராஜீவ் காந்தி சிலையிலிருந்து ஷேர் ஆட்டோ. பின்னணியில் பஸ் ஹாரனை அப்படியே விட்டுவிடுவேன். பரீட்சை ஹாலில் மின்விசிறிச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்கவில்லை என்று ஒருத்தி அழுதுகொண்டு வந்த பிறகு, அமைதியான அறையில் பழகுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்பாவின் நோட்டுகளில் நான்கு என்னிடம் இருக்கின்றன. செய்திப் பக்கங்களில் சிவப்பு மை நிறைய. ஆனால் ஒன்பது மணிச் செய்தியை ஒட்டி ‘ஸ்பாட்லைட்’ என்று ஒரு சிறு பேச்சு வரும். அது மறுநாள் பேப்பரில் வராது, திருத்த வழியில்லை. அந்தப் பக்கங்களில் பிடிபடாத சொல்லுக்கெல்லாம் கோடு இழுத்து, பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறார். கோடுகள் அப்படியே இருக்கின்றன.

போன மாதம் ஒரு பெண் வகுப்பு முடிந்து அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அரைப் பக்கம், பதினைந்து பதினாறு கோடுகள்.

“மழை பெய்யல, நெல்லு கம்மி, வெளியூர்லேருந்து கோதுமை வருது. அதானே மிஸ்?”

“அப்படித்தான் இருக்கணும்.”

“அப்ப இவருக்குப் புரிஞ்சிருக்கே. எதுக்கு இத்தனை கேள்விக்குறி?”