முழுசாக இறங்கட்டும், அப்புறம் போடலாம்

புது லேப்டாப் வாங்கினால் கடைக்காரர் இரண்டு அறிவுரைகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவார். முதல் தடவை 8 மணி நேரம் விடாமல் சார்ஜில் போட வேண்டும்; அதன்பிறகு சார்ஜ் முழுசாக இறங்கினால்தான் மறுபடி போட வேண்டும். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோதும் இந்தப் பேச்சு ஓயவில்லை. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன வைத்தியம் வேறொரு பேட்டரிக்கானது, அவ்வளவுதான்.

அந்தப் பேட்டரியின் பெயர் நிக்கல்-காட்மியம். 1899இல் சுவீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் உருவாக்கியது. அதைப் பதமாகச் சார்ஜ் செய்ய வேண்டுமென்றால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம் போட வேண்டும். இரவு முழுக்கச் சார்ஜில் கிடக்கட்டும் என்ற பழக்கத்துக்கு இதுதான் மூலம். ‘முழுசாக இறக்கு’ என்பதன் கதை விண்வெளியில் தொடங்குகிறது. செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகும்போதெல்லாம் பேட்டரியிலிருந்து ஒரே அளவு மின்சாரத்தை எடுக்கும், வெளியே வந்ததும் நிரப்பிக்கொள்ளும். இப்படியே பலமுறை ஓடிய செல்கள், வழக்கமாக நிறுத்தும் அந்த இடத்துக்கு வந்ததும் மின்னழுத்தத்தில் சரிந்தன. பழகிய அளவை மனதில் வைத்திருப்பதைப் போல.

தரையில் யாரும் அவ்வளவு கறாராகப் பேட்டரியைப் பயன்படுத்துவதில்லை. இங்கே பெரும்பாலும் நடந்தது வேறு: நிரம்பிய பிறகும் சார்ஜரிலேயே கிடந்ததில் உள்ளே காட்மியப் படிகங்கள் பெருத்துப்போயின. ஆனால் ஆழமாக ஒருமுறை இறக்கி ஏற்றினால் அந்தப் படிகங்கள் கரைந்து பேட்டரி ஓரளவு தேறியது. காரணம் தவறாக இருந்தாலும் மருந்து வேலை செய்தது. அதனால் நம்பிக்கை இறுகியது.

அந்தக் காலத்திலேயே எல்லா லேப்டாப்புக்கும் இது பொருந்தியதா என்றால் அதுவும் இல்லை. 1991 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் மூன்று பவர்புக்குகளைச் சேர்ந்தாற்போல் வெளியிட்டது. 140, 170 என்ற இரண்டிலும் நிக்கல்-காட்மியம். 100 என்ற மலிவான மாடலில் ஈய-அமில பேட்டரி. ஈயத்தை அடியோடு இறக்கிப் போட்டுவைத்தால் அது பாழாகிவிடும். ஒரே கம்பெனி, ஒரே மாதம், பராமரிப்போ நேரெதிர்.

அதே 1991இல்தான் சோனி நிறுவனம் லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. லேப்டாப்புக்குள் அது நுழைந்தது சுமுகமாக இல்லை. 1995இல் பவர்புக் 5300 தீப்பிடித்த சம்பவங்களால் ஆப்பிள் பின்வாங்கி நிக்கல் வகைக்கே திரும்பியது. 2006இல் சோனி செல்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததால் டெல் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

லித்தியத்துக்கு நிக்கலின் ‘ஞாபக’ நோய் கிடையாது. அதன் எதிரிகள் வேறு: சூடும், நிறைசார்ஜும். செல் 4.2 வோல்ட்டில் நிரம்பிச் சூடான இடத்தில் கிடந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகம் பிடித்து, லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக முடங்கும். பாதியில் ஏற்றிப் பாதியில் இறக்குவதே அதற்கு உகந்தது. பழைய அறிவுரை இங்கே தலைகீழாகிவிட்டது.

பிறகும் அது ஏன் சாகவில்லை? பழைய பேட்டரி ஒன்றைப் பிளந்தால் விடை கிடைக்கும். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள ஆறு செல்கள், அவற்றை இணைக்கும் நிக்கல் பட்டைகள், ஒரு செல்லின் முதுகில் ஒட்டிய வெப்ப உணரி, ஓரமாக ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அந்த போர்டில் உள்ள சிப்தான் உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே போனதையும் கணக்கு வைக்கிறது. நாளாக ஆகக் கணக்கு பிசகும். 30 சதவீதம் என்று காட்டிவிட்டு மெஷின் பட்டென்று அணையும். கணக்கை நேர்செய்ய, எப்போதாவது ஒருமுறை முழுசாக இறக்கி ஏற்றச் சொல்லி உற்பத்தியாளர்களே கையேட்டில் எழுதினார்கள். செல்லுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. படித்தவர்களோ பழைய வேதத்துக்குப் புதுச் சாட்சி கிடைத்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

காலியான லேப்டாப்பை அப்படியே பல மாதம் பீரோவில் வைப்பது இன்னும் மோசம். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால், பாதுகாப்புக்காக அந்த போர்டே சார்ஜை ஏற்க மறுத்துவிடும்.

ஒரு கட்டத்தில் கம்பெனிகள் மனிதர்களுக்குச் சொல்லிப் பார்ப்பதை விட்டு மெஷினுக்கே பொறுப்பைக் கொடுத்தன. திங்க்பேடில் எத்தனை சதவீதத்தில் சார்ஜ் நிற்க வேண்டும் என்று முன்பே குறித்து வைக்கலாம். 2020இல் ஆப்பிளும் மேக்புக்கின் உச்ச சார்ஜைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இப்போது சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களின் புகாரும் மாறிவிட்டது: “சார், 80க்கு மேல ஏறவே மாட்டேங்குது, பேட்டரி போயிடுச்சா?”