புகையில்லா அடுப்பில் புகை வந்த கதை

எங்க இரணியல் பக்கம் நிறைய வீடுகளில் கேஸ் அடுப்பு முன்னாலும் விறகடுப்பு பின்னாலும் இருக்கும். ரப்பர் விறகும் கொதும்பும் சும்மா கிடைக்கும்போது வெந்நீர் போட சிலிண்டரை யார் தொடுவார்கள்? அந்த விறகடுப்பில் வெடித்துப்போன பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும் வேலை பற்றித்தான் இன்றைய கட்டுரை. சிரிக்காதீங்க நண்பர்களே, ஒரு தேசியத் திட்டம் சறுக்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் இருந்தது. அங்கிருந்து 1947-இல் வந்ததுதான் 'மகன் சூலா', அதாவது புகைபோக்கி வைத்த மண் அடுப்பு. 1953-இல் ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகையில்லாத சமையலறை பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். 1980-களில் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக்கியது. 2002-இல் முடிவதற்குள் 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் கொடுத்ததாகக் கணக்கு.

அப்புறம் ஏன் புகை வந்தது? அடுப்பும் குழாயும் சேரும் இடத்தைப் பாருங்கள். சூட்டில் பூச்சு வெடிக்கும். வெடிப்பு வழியே குளிர்ந்த காற்று நுழைந்தால் புகைபோக்கியின் இழுப்பு குறையும், புகை சமையலறைக்கே திரும்பும். கரி படிந்த பூச்சின் மேல் புது மண் ஒட்டாது. அதனால் ஒரு நாள் ஆறவிட்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்து, சிரட்டையால் சுரண்டிவிட்டுத்தான் பூசவேண்டும்.

சிமெண்ட் பூசினால் என்ன என்று தோன்றும். சாதாரண சிமெண்ட் 400 டிகிரிக்கு மேல் போனால் அதிலுள்ள சுண்ணாம்பு நீரை இழக்கும். ஆறியபின் ஈரத்தை இழுத்து உப்பி உதிரும். அதைப் பெயர்க்க உளி வேண்டும், உளி பட்டால் மண் அடுப்பே போச்சு! குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்புகளுக்கு சோடியம் சிலிகேட் சேர்த்த தனி சிமெண்ட் உண்டு. அதன் பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்பதால் உலர்ந்தபடி சுரண்டக்கூடாது என்பார்கள். நம்ம திட்டத்தில் பல இடங்களில் குழாயே ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்தான். அதை உரசுவதும் அறுப்பதும் ஆபத்து.

பி.காம் படிப்பவன் கண்ணுக்கு இது பழைய கணக்குப் பாடம். அடுப்பு கட்டுவது முதலினச் செலவு, அதற்கு மானியம் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. பூச்சைச் சுரண்டுவது வருவாயினச் செலவு. அதை எந்தப் பேரேட்டிலும் ஏற்றவில்லை.

எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட மூவர் ஒடிசாவில் இப்படிப்பட்ட மண் அடுப்புகளைச் சில வருடம் கவனித்து 2012-இல் எழுதினார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது, பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிப்பும் இல்லை.

உடனே மக்களின் அறியாமை என்று சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சாணியும் மண்ணும் குழைத்து தலைமுறையாக அடுப்பு மெழுகியவர்களுக்கா பராமரிப்பு தெரியாது? பழைய அடுப்பு கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. புதிய அடுப்பின் குழாயோ கூரையைத் தாண்டிப் போனது. அதில் ஏறிக் கரி தட்ட யார் வருவார், கூலி யார் தருவார் என்று கட்டிக்கொடுத்தவர்கள் யோசிக்கவே இல்லை.