நோயாளியின் மொழியில் மருத்துவம்: டாக்டர் கிரீன் கதை

1/ மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி... நோயாளி கைக்குப் போற பேப்பர் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் இருக்கு. ஆனா 150 வருஷத்துக்கு முன்னாடியே மருத்துவப் படிப்பையே தமிழ்ல நடத்தினார் ஒருத்தர். அவர் தமிழர் இல்ல.

2/ டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், அமெரிக்கர். 1847-ல மிஷனரியா யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாய்ல வைத்தியம் பார்த்துக்கிட்டே மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். மதுரைக்கும் இதுல தொடர்பு உண்டு: தல்லாகுளம் பக்கம் நாம தினமும் கடந்து போற அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கின மிஷன், 1834-ல அதே யாழ்ப்பாண மிஷன்லருந்து இங்க வந்ததுதான்.

3/ முதல்ல கிரீனும் இங்கிலீஷ்லதான் பாடம் நடத்தினார். ஆனா இங்கிலீஷ்ல படிச்சவங்க அரசு வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டாங்க. கிராமத்துல இருக்கறவங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பா? 1864-லருந்து வகுப்பு தமிழுக்கு மாறுச்சு. அவர்கிட்ட படிச்ச 62 பேர்ல 33 பேர் தமிழ்ல படிச்சவங்க.

4/ பாடப் புத்தகமும் வேணுமே? ‘இரணவைத்தியம்’ (1867) அறுவை சிகிச்சை நூல். ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) நாங்க இன்னிக்கும் படிக்கிற கிரே அனாடமி!

5/ அதுக்கும் முன்னாடி வந்த ஒரு நூலோட பேரு: ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. புரியுதா? உடலமைப்பு, உடல் இயங்கும் விதம், சுகாதாரம். அவ்வளவுதான் விஷயம். தமிழ்ல இருந்தா மட்டும் புரிஞ்சிடாதுங்கிறதுக்கு இந்தத் தலைப்பே சாட்சி.

6/ இன்னிக்கும் அதே கதைதான். “டெஸ்ட் பாசிட்டிவ்”னா நல்ல செய்தின்னு சந்தோஷப்படறவங்க உண்டு. “பிரஷர் நார்மல்”னு சொன்னா மாத்திரையை நிறுத்திடறவங்க நிறைய. நார்மலா இருக்கிறதே அந்த மாத்திரையாலதான்னு யாராவது சொல்லணும்ல?

7/ “புரிஞ்சுதா?”ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. “வீட்ல கேட்டா என்ன சொல்வீங்கம்மா, எனக்குச் சொல்லிக் காட்டுங்க”ன்னு கேட்கணும். சொல்ற விதத்துலயே எங்க குழப்பம்னு தெரிஞ்சிடும். ‘டீச் பேக்’னு இதுக்குப் பேரு. செலவு கிடையாது, ஒரு நிமிஷம் போதும்.

8/ 1873-ல கிரீன் அமெரிக்கா திரும்பினார், 1884-ல இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செஞ்சவர்னு அவர் கல்லறையில பொறிச்சிருக்கு.

9/ அடுத்த தடவை ஆஸ்பத்திரி போனா, கிளம்புறதுக்கு முன்னாடி மூணு கேளுங்க: எனக்கு என்ன நோய்? இந்த மாத்திரை எதுக்கு, எத்தனை நாளைக்கு? எது நடந்தா உடனே திரும்பி வரணும்? தயங்காதீங்க. பதிலைத் தமிழ்ல, உங்களுக்குப் புரியற தமிழ்ல கேட்டு வாங்குங்க.