கொட்டியாரத்திலிருந்து போய்த் திரும்பாத பிரெஞ்சுப் பிரபு

வெருகலில் பாலம் இல்லாத காலத்தில் ஆற்றைப் பாதையில்தான் கடக்க வேண்டும். செய்தி சேகரிக்க மூதூர்ப் பக்கம் போகும்போதெல்லாம், பாதைக்குக் காத்திருக்கும் நேரத்தில் எனக்கு லெனரோலின் நினைவு வரும். வெருகல் கங்கை மகாவலியின் ஒரு கிளை. அந்த நீர் இறங்கிவரும் மலைநாட்டில்தான் அவர் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்.

1672 மார்ச்சில் தெ லா ஹேயின் தலைமையில் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தது. ஒல்லாந்தரைக் கொண்டு போர்த்துக்கேயரை விரட்டிய கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், இப்போது ஒல்லாந்தரை விரட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தான். கொட்டியாரக் குடாவைப் பிரெஞ்சியருக்கு மனமுவந்து கொடுத்தான். ஆனால் ஒல்லாந்தர் முந்திக்கொண்டனர். உணவுக்கும் தட்டுப்பாடு. யூலையில் தெ லா ஹே நங்கூரம் தூக்கினார். அவர் விட்டுச்சென்ற சிறு காவற்படையும் ஒல்லாந்தரிடம் சிக்கியது. மன்னனிடம் தூது சென்ற நன்க்லார் த லெனரோல் என்ற பிரபு மலைநாட்டிலேயே அகப்பட்டுக்கொண்டார்.

அவர் கதையை நமக்குச் சொல்பவர் றொபேட் நொக்ஸ். 1660இல் இதே கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயர். அரண்மனையைக் கடக்கும்போது குதிரையிலிருந்து இறங்கி நடப்பது அங்கு வழக்கம். லெனரோல் இறங்கவில்லை. இரவில் பேட்டிக்கு அழைக்கப்பட்டவர் இரண்டு மணி நேரம் காத்திருந்து, பொறுமையிழந்து வெளியேறினார். யானைகளைக் குறுக்கே விட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். அவர் வாளில் கைவைத்தார். வழி கிடைத்தது. ஆனால் செய்தி மன்னனின் காதுக்கு எட்டியதும் அடியும் விலங்கும் கிடைத்தன. தூதரின் விலங்கு எளிதில் கழலவில்லை.

மன்னனின் கொடுமை என்று இதை எழுதுவார்கள். எனக்கு அப்படி மட்டும் தோன்றவில்லை. கொட்டியாரத்தில் நின்ற கப்பல்களை நம்பித்தான் அந்த மனிதர் குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கப்பல்கள் போன பின் அவர் வெறும் தனி மனிதர்.

ஐரோப்பியப் பிரபுக்கள் கிழக்கே சிறைப்படுவது புதிதல்ல. சிலுவைப் போருக்கு ஒன்பதாம் லூயி மன்னனுடன் போன ஜுவான்வில் பிரபு 1250இல் எகிப்தில் பிடிபட்டார். மீட்புப் பணம் கொடுக்கப்பட்டது. ஊர் திரும்பி, 1309இல் மன்னனின் வரலாற்றை எழுதி முடித்தார். நொக்ஸும் 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் நூல் வெளியிட்டார். லெனரோலை மீட்க எவரும் வரவில்லை.

தெ லா ஹேயின் கப்பல்கள் நேராகச் சோழமண்டலக் கரைக்குப் போய்ச் சாந்தோமைப் பிடித்தன. 1674 செப்டெம்பரில் அதையும் இழந்தன. ஆனால் அந்த முற்றுகைக் காலத்தில், கப்பலில் வந்த பெலாஞ்சே என்ற இன்னொரு பிரபு வாலிகண்டபுரம் சென்று ஷேர்கான் லோடியிடம் அனுமதி பெற்ற இடந்தான் புதுச்சேரி. கொட்டியாரம் நிலைத்திருந்தால் புதுச்சேரி பிறந்திருக்குமா என்பது என் நெடுநாள் ஐயம்.

லெனரோல் இங்கேயே தங்கிவிட்டார். டி லெனரோல் என்ற பெயரோடு தெற்கில் வாழும் சிங்களக் குடும்பங்கள் தம்மை அவர் வழியினர் என்கின்றன. கொழும்பில் எங்கள் அலுவலகத்துக்கும் அந்தப் பெயருடைய ஒருவர் வருவதுண்டு. திருகோணமலை பார்த்திருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை என்றார்.