உற்பத்திக் களத்தில் பதியும் அடையாளம்: திறன்மிகு இல்லக் கருவிகளின் பாதுகாப்பு அமைவாக்க வரலாறு (2009–2025)

திறவுச்சொற்கள்: திறன்மிகு இல்லம், உற்பத்திக்காலப் பதிவு, மறைச்சாவி, ஐஎம்இஐ, சக்தி நுண்செயலி

முன்னுரை

மதுரை மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தால் அறியப்படுகிறது. மாடுகளை வரிசையாகக் கட்டும் நெடுங்கயிற்றைச் சுட்டும் தாவணி என்னும் சொல் மாட்டுச்சந்தைக்கு ஆகிவந்து, பின் இடப்பெயராயிற்று. சந்தையில் மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழியையும் பார்ப்பர். பல் வயதுக்கேற்ப மாறும். சுழி பிறவியில் அமைவது, விற்பவரால் மாற்றவியலாதது. அதே மாட்டுத்தாவணியில் 2025 பிப்ரவரியில் டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கணினிசார் கருவிகளுக்கும் மாற்றவியலாத பிறவிக்குறி வேண்டும் என்னும் கருத்து இந்தியச் சட்டத்தில் உருப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கைப்பேசி எண்ணும் சட்டமும்

இக்கருத்து முதலில் கைப்பேசியை ஒட்டியே எழுந்தது. செல்லத்தக்க ஐஎம்இஐ எண் இல்லாத கைப்பேசிகளின் இணைப்பை 2009 டிசம்பர் 1 முதல் துண்டிக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. முன்னரே விற்பனையாகிவிட்ட எண்ணிலாக் கைப்பேசிகளுக்கு மென்பொருள்வழி எண் பதித்துத்தரும் ஏற்பாடும் நடைபெற்றது. பயனர்மீது இரக்கம் கொண்ட ஏற்பாடுதான்; ஆயினும் கடையில் பதிக்க இயலும் எண்ணைக் கடையிலேயே மாற்றவும் இயலும். 2017ஆம் ஆண்டு விதிகள், உற்பத்தியாளர் நீங்கலாக வேறெவரும் அவ்வெண்ணை அழிப்பதும் திருத்துவதும் சட்டவிரோதம் என்றன. அடையாளம் பதிக்கும் உரிமை ஆலைக்கே உரியது என இந்தியச் சட்டம் இவ்வாறு வரையறுத்தது.

மிராயும் ஆலையின் பொறுப்பும்

2016இல் பரவிய மிராய் தீநிரல், ஆலையில் இடப்பட்ட ஏறத்தாழ 60 பொதுக் கடவுச்சொற்களைக் கொண்டே கண்காணிப்புக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டின் நிறுவனம் தாக்கப்பட்டபோது பெரும் இணையதளங்கள் பல முடங்கின. சில கருவிகளில் கடவுச்சொல் நிலைபொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. உரிமையாளர் விரும்பினாலும் அதை மாற்ற வழியில்லை. பயனரின் கவனக்குறைவே காரணம் என்னும் வழக்கமான விளக்கம் இங்குப் பொருந்தாது.

ஆலையில் நிகழ வேண்டியது யாது? சில்லு வெறுமையாக வருகிறது. மின்பலகையில் பொருத்தப்பட்டபின் அதனுள் நிலைபொருள் எழுதப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்த மறைச்சாவி, காப்புடைய பெட்டகக் கணினியிலிருந்து செலுத்தப்படுகிறது. தொடக்க நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியின் சுருக்கம், ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க உருகிகளில் பதிகிறது. இறுதியாகப் பிழைத்திருத்து முனை பூட்டப்படுகிறது. இவ்வரிசையில்தான் இடர்ப்பாடு உள்ளது. சோதனைப் பொறியாளருக்கு அம்முனை திறந்திருக்க வேண்டும்; பாதுகாப்புக்கோ அது மூடப்பட வேண்டும். சோதனை முடியுமுன் பூட்டினால் பழுதான பலகையை ஆராய்வதே அரிதாகும். பூட்ட மறந்தால் கருவியைத் திறக்கும் எவரும் அதன் நினைவகத்தைப் படித்துவிடலாம். எல்லாக் கருவிக்கும் ஒரே சாவியை இட்டால் வேலை விரைவில் முடியும். ஒன்று களவுபோயின் அனைத்தும் களவுபோனதாகும்.

தமிழகத்தில் சில்லு வடிவமைப்பு

ஆலையில் பூட்டுவதற்குரிய வன்பொருள் சில்லிலேயே அமைந்திருக்க வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் வளர்ந்த சக்தி நுண்செயலித் திட்டம், 2020இல் பொருள்களின் இணையத்துக்கு உகந்த மௌஷிக் சில்லை அளித்தது. அக்கழகத்தின் அடைகாப்பில் உருவான மைண்ட்குரோவ் நிறுவனம், பாதுகாப்பைப் பெயரிலேயே தாங்கிய 'செக்யூர் ஐஓடி' சில்லை 2024இல் அறிவித்தது. வடிவமைப்பு இங்கு நடப்பினும் 28 நானோமீட்டர் அளவிலான அதன் வார்ப்பு அயல்நாட்டு ஆலையைச் சார்ந்ததே.

2024 ஆணையும் அதன் எல்லையும்

2024 ஏப்ரல் 9 அன்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட ஆணை, கண்காணிப்புக் கேமராக்களுக்குக் கருவிதோறும் தனிச்சாவி, பாதுகாப்பான தொடக்கம், பிழைத்திருத்து முனைகளின் முடக்கம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. நடைமுறைக்கு வரும் நாள் 2025 ஏப்ரல் 9 எனத் தள்ளிவைக்கப்பட்டது. சோதனைக்கூடங்கள் போதவில்லை என்று உற்பத்தியாளர் முறையிட்டனர். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஆணையின் எல்லை கேமராவோடு நிற்கிறது. இல்லக் கருவிகள் பிறவற்றுக்குத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் வெளியிட்ட நெறித்தொகுப்பு பரிந்துரை அளவினதே. கதவுப்பூட்டும் குழந்தை அறையின் ஒலிபெருக்கியும் அப்பரிந்துரையை நம்பியே வீட்டுக்குள் வருகின்றன.