சிறப்புக் கல்வியும் குடும்பமும்

குழந்தையின் குறைபாட்டுக்கும் அது கற்கும் விதத்துக்கும் ஏற்பப் பாடம், கருவி, தேர்வு ஆகியவற்றை மாற்றியமைத்துக் கற்பிப்பது சிறப்புக் கல்வி. தனிப் பள்ளியில் நடக்கலாம். ஊர்ப் பள்ளியின் வகுப்பறையிலோ வீட்டிலோ கூட நடக்கலாம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலில் ஏறின. ஆனால் குடும்பங்களைத் தயங்க வைப்பது இந்தப் பட்டியலன்று, சான்றிதழில் மருத்துவர் எழுதும் விழுக்காடு. 40க்குக் கீழே வந்தால் பள்ளியில் எதுவும் கேட்க முடியாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. பொதுவான கல்வி உரிமைச் சட்டமோ 14 வயதோடு நின்றுவிடுகிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வும் குழந்தையின் பக்கத்துக்கே விடப்பட்டிருக்கிறது. எண் இங்கே செல்லும். ஆனால் பாகுபாடற்ற சேர்க்கை, கற்றல் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிதல் ஆகியவற்றைப் பேசும் 16ஆம் பிரிவிலோ, தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் உதவி, இரண்டாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சொல்லும் 17ஆம் பிரிவின் உட்பிரிவிலோ விழுக்காடே இல்லை. எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடு கொண்ட ஒரு குடிமைப்பணித் தேர்வர் தொடுத்த விகாஸ் குமார் வழக்கில், எழுத்தர் உதவியை 40 விழுக்காட்டினருக்கு மட்டும் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

சான்றிதழே குழந்தைக்கு முத்திரையாகிவிடும் என்பார்கள். அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் சான்றிதழ் இல்லாத குழந்தைக்கும் வகுப்பறையில் 'மந்தம்' என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயரைக் காட்டி எந்தச் சலுகையும் வாங்க முடியாது. சட்டம் படிப்பது பெற்றோர் வேலையா என்ற இன்னொரு கேள்வியில் நியாயம் உண்டு. சொல்ல வேண்டிய கடமை பள்ளியுடையதே. ஆயினும் குழந்தைக்கான இலக்குகளைப் பள்ளி எழுதிவைக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தைச் சரிபார்க்கச் சட்ட அறிவு தேவையில்லை. 'கணக்கில் முன்னேற்றம்' என்று எழுதியிருந்தால் அதை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. '20 ரூபாய் கொடுத்து 12 ரூபாய்க்குப் பொருள் வாங்கி மீதிச் சில்லறையைத் தானே எண்ணிப் பார்ப்பாள், டிசம்பருக்குள்' என்று இருந்தால் பாட்டியும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி புழங்கும் தனிப் பள்ளியே பொருத்தமாக அமையலாம் என்பதும் உண்மைதான்; அதையும் இப்படிப்பட்ட இலக்குகளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பொறுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன இந்தச் சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகள். பள்ளி இடம் மறுத்தால் அவர் யாரென்று கேட்டு, மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.