நொண்டியின் காலை வெட்டியது யார்?

அரியலூர்ப் பக்கம் ஒரு கூத்தில் கட்டியக்காரன் ஒரு காலை மடக்கிக் குதித்தபடியே பாடினான். என்ன மெட்டு என்று பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டேன். 'இதுவா, நொண்டி மெட்டு தம்பி' என்றார். எம்.ஏ. தமிழில் எனக்கு அது நொண்டிச்சிந்து. பெயர்க்காரணம் கேட்டால் வகுப்பில் யாப்பைக் காட்டுவார்கள்: அடியின் முன்பாதி முடிந்ததும் தனிச்சொல் ஒன்று தொங்கி நிற்கும், பிறகுதான் பின்பாதி, ஆகவே நடை நொண்டுகிறது.

எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. காவடி எடுத்தவன் பாடியது காவடிச்சிந்து. வழி நடந்தவர்கள் பாடியது வழிநடைச்சிந்து. இங்கே பெயர் உடம்பிலிருந்து வருகிறது, இலக்கணத்திலிருந்து அல்ல. நொண்டிச்சிந்தும் நொண்டி பாடியதுதான்.

யார் அந்த நொண்டி? 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெருகிய நொண்டி நாடகங்களின் நாயகன். தாசியிடம் பொருளை இழந்து, குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, கை கால் வெட்டுண்டவன். தன் கதையைத் தானே சொல்கிறான். கடைசியில் அருளால் கால் வளர்கிறது. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்தில் வள்ளலின் உதவியும் மக்காவும். மதம் மாறுகிறது, வெட்டு மாறவில்லை. வெட்டியது அதிகாரம். அருள் என்கிற கதையாடல் அந்த வெட்டை மூடிவிடுகிறது. மெட்டின் பெயரோ காயத்தை ஆறவிடாமல் வைத்திருக்கிறது.

பிறகு மெட்டு கைமாறியது. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் கோபாலகிருஷ்ண பாரதி சேரியை வருணிக்க எடுத்துக்கொண்டது இதைத்தான். அந்த நூலில் இலக்கணப் பிழை மலிந்திருப்பதாகச் சொல்லிச் சிறப்புப்பாயிரம் தர மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார். இதைப் பதிவு செய்தவர் அரியலூரிலும் குன்னத்திலும் வளர்ந்த உ.வே.சா. பின்னால் சுப்பிரமணிய பாரதி 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை'யில் அடிமை தேசத்தையே நொண்டிச்சிந்துக்குள் கொண்டுவந்தார்.

திருடன், சேரி, தேசம். மூன்று ஊனங்களுக்கும் ஒரே மெட்டு. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. 1947இல் தேசம் எழுந்து நடந்துவிட்டது என்றார்கள். சேரி நடந்ததா?

நொண்டி என்பது இன்று வசைச்சொல், ஆளைப் பார்த்துச் சொல்லக்கூடாதுதான். மெட்டின் பெயரை மட்டும் நாசூக்காக மாற்றிவிட வேண்டாம். அதை வெறும் யாப்பாகப் படித்தாலும் நடப்பது ஒன்றுதான்: காலை வெட்டியவன் தப்பித்துவிடுகிறான்.